கொடை யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தாள் பளபளப்பு, படங்கள் அதைவிடப் பளபளப்பு. நடுவில் ஒரு வரி: 'வெள்ளையர்கள் சென்னைக்கு விட்டுச்சென்ற பெருங்கொடை.' எழுதிய தம்பி இளவயதுக்காரராக இருக்கலாம். அதைப் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவர் தாங்கள். ஆகவே கடிதம் தங்களுக்கு.

கட்டடம் அவர்கள் கட்டியது. அதில் தகராறு இல்லை. 1851-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் பல்ஃபர் என்ற ராணுவ வைத்தியரின் பொறுப்பில் ஆரம்பித்தது, 1854-ல் பாந்தியன் வளாகத்துக்கு வந்தது, முதல் சரக்கு மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி கொடுத்த 1,100 கல் மாதிரிகள். கூடவே வைத்திருந்த மிருகங்கள் 1863-ல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனதும் அது 'உயிர் காலேஜ்', எழும்பூர் 'செத்த காலேஜ்' என்று ஜனங்கள் பெயர் வைத்ததுவரை எல்லாம் எழுதியிருக்கிறார். சரி. உள்ளே இருக்கிற பொருள்களை யார் கொடுத்தார்கள் என்று ஒரு வரி உண்டா?

ஆந்திரத்து அமராவதி பௌத்த ஸ்தூபியின் சிற்பக் கற்களைக் கொடையில் சேர்ப்பதா? குண்டூரில் கமிஷனராக இருந்த வால்டர் எலியட் 1845-ல் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். வந்தவை கல்லூரிக்கு முன்னால் புல்தரையில் வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்காகக் கிடந்தன. 1859-ல் 121 துண்டுகளைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே போய் ராஜமரியாதையோடு இருந்தனவா என்றால், 1867-ல் கட்டடக்கலை ஆய்வாளர் ஃபெர்குசன் கண்டுபிடித்தபோது கோச்சுவண்டிக் கொட்டகையில் கிடந்தன. பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது 1880-ல்தான். ஆந்திரத்துக்காரர்கள் நம்மிடம் இருக்கும் மிச்சத்தைக் காட்டி, 'இது உங்களுக்கு யார் கொடுத்த கொடை?' என்று கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இல்லை. அது இன்னொரு கடிதத்துக்கு.

தாமிரபரணிக் கரையின் பழைய ஈமக்காடான ஆதிச்சநல்லூரில் 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டியது பெர்லினுக்குப் போனது. அதன்பின் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டியது சென்னைக்கு வந்தது. தாமிரபரணிக் கரைக்காரன் தன் முப்பாட்டன் புதைகுழியில் வைத்த வெண்கல மூடியையும் பொன் பட்டத்தையும் பார்க்க ராத்திரி ரயிலேற வேண்டியிருந்தது. அந்த இடத்திலேயே தோண்டிய குழியைக் கண்ணாடித் தரை வழியாகப் பார்க்க ஓர் ஏற்பாடு வர 2023 ஆயிற்று. இத்தனைக்கும் நடுவில் கொடுத்தவன் யார், வாங்கியவன் யார் என்று தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழும்பூரின் செப்புத் திருமேனிகளில் பெரும்பகுதி வந்து சேர்ந்த வழி வேறு. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். சர்க்கார் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். விலை? அந்தப் பொருளில் உள்ள உலோகத்தின் விலை, அதோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு. சோழர் காலத்து ஸ்தபதியின் கைவேலைக்குக் கணக்கில் இடம் கிடையாது. பழைய பாத்திரக் கடைக்காரனும் இப்படித்தான் எடை போடுவான், ஆனால் அவன் அதைச் சட்டம் என்று சொல்வதில்லை. கடைக்கால் தோண்டியவன், ஏர் ஓட்டியவன், குளம் தூர் வாரியவன் கையில் அகப்பட்டு, தாலுகா ஆபீஸ் வழியாக வந்தவை அவை. கொடை என்று எழுத ஆசைப்பட்டால் அந்த ஊர்க்காரர்களின் கொடை என்று எழுதுங்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கையில் ஓர் அம்மன், சின்னதாக ஒரு சோமாஸ்கந்தர், இரண்டு கைமணி வெளியே வந்தன. பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பொட்டு வைத்தார்கள். ஊர் முழுக்க வரிசையில் நின்று கும்பிட்டது. மறுநாள் தாசில்தார் ஜீப்பில் வந்து மகஜர் எழுதி, சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கண்டெடுத்த குடும்பத்துக்கு அந்தச் சட்டம் சொல்லும் உலோக விலைகூட வந்து சேரவில்லை. அம்மன் எங்கே இருக்கிறாள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கருவூலத்திலா, ஏதாவது மியூசியத்தின் கிடங்கிலா? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். 'மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்றார்கள். உரிய அலுவலகம் என் மனுவை முதல் அலுவலகத்துக்கே திருப்பியது. ஆயுசெல்லாம் தபால் இலாகாவில் இருந்தவன் நான். ஒரு கடிதத்தை எப்படிப் பட்டுவாடா செய்யாமலே வைத்திருக்கலாம் என்பதை அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

பிறகு 'மக்கள் புதையலை மறைக்கிறார்கள், கடத்தலுக்குத் துணை போகிறார்கள்' என்று தங்கள் பத்திரிகையே தலையங்கம் எழுதுகிறது. பத்தூர் நடராஜர் 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்துக் கைமாறிக் கைமாறி லண்டன்வரை போய், கோர்ட் கோர்ட்டாக வழக்காடி 1991-ல் திரும்பி வந்தார். கடத்தியவன் திருடன்தான். ஆனால் ஒழுங்காகச் சொன்ன ஊருக்கு அப்புறம் ஒரு தகவலும் வராது என்றால், அடுத்த ஊர்க்காரன் எதற்காகச் சொல்வான்?

பட்டியல் போடத் தெரியாதவர்களும் அல்ல நாம். புவியியலாளர் புரூஸ் ஃபூட் சேகரித்த ஆதிமனிதரின் கற்கருவிகளை 1904-ல் விலைக்கு வாங்கிய மியூசியம், எந்தக் கல் எந்த இடத்தில் கிடைத்தது என்று 1914-ல் புத்தகமே அச்சிட்டது. உலோகத் திருமேனிகளுக்கு, அப்போது மியூசியத் தலைவராக இருந்த கிரேவ்லியும் டி.என்.ராமச்சந்திரனும் 1932-ல் பட்டியல் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஆங்கிலத்தில் இருந்ததால் என் தகப்பனாருக்குப் பயன்படவில்லை என்பது வேறு விஷயம். இன்று கைக்கு ஒரு போன் இருக்கிறது. கிடைத்த ஊர், தாலுகா, வருஷம், இப்போது இருக்கும் இடம் என்று நான்கு கட்டம் போட்டுத் தமிழில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க என்ன தடை? இருட்டில் இருப்பதைத் திருடர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் என்பார்கள். படத்தோடு பதிவான சிலையை விற்பதுதான் கஷ்டம். சிலைக் கடத்தல் தடுப்புப் போலீஸாரைக் கேட்டுப் பாருங்கள்.

காணும் பொங்கலன்று எழும்பூரில் நின்று பார்த்ததுண்டா, ஐயா? மூட்டை முடிச்சு, புளியோதரைத் தூக்கு, இடுப்பில் குழந்தையோடு வருகிற கூட்டத்துக்கு ரசனை இல்லை என்று கட்டுரையில் ஒரு இடிப்பு வேறு. அதே வளாகத்தில் ஹென்றி இர்வின் கட்டிய சிவப்புக் கலைக்கூடக் கட்டடத்தை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்திருந்தது அந்தக் கூட்டமா?

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது மூன்றாம் பக்கத்துப் படம். அரைப் பக்கத்துக்கு நடராஜர். கீழே 'பிரெஞ்சுச் சிற்பி ரோடான் வியந்த சிலை' என்று போட்டிருந்தீர்கள். ரோடான் இந்தியாவுக்கு வந்தவரல்ல, புகைப்படத்தைப் பார்த்து உருகி எழுதியவர். அவருக்கு இடம் இருந்தது. அந்த நடராஜரின் ஊர் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போன ஊர், இங்கிருந்து அரக்கோணம் ரயிலில் ஏறினால் போய்விடலாம். அந்தப் பெயருக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு இணைப்பில், 'சென்ற இதழ் மூன்றாம் பக்கத்தில் வெளியான நடராஜர் திருவாலங்காட்டில் கிடைத்தது' என்று ஒரு திருத்தம் போடுங்கள். இனி அருங்காட்சியகப் படம் எதைப் போட்டாலும் கிடைத்த ஊரைச் சேர்த்து அச்சிடுங்கள். இடம் இல்லையென்றால் ராசிபலனில் ஏதாவது ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளலாம். என் ராசியையே எடுத்துக்கொண்டாலும் ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
பெரம்பூர், சென்னை.