பணம் போட்டவர் அல்லர், பாட்டுப் போட்டவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ‘சோல்’ என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசையைப் பாடிய மார்வின் கே குறித்து வெளியான நான்கு பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல்முறை மகிழ்ச்சியோடு படித்தேன். இரண்டாம் முறை, கண்ணில் பட்டது மெய்தானா என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். 1976இல் வந்த ‘ஐ வான்ட் யூ’ ஆல்பத்தைச் சொல்லும் இடத்தில், “தயாரிப்பாளர் லியான் வேரின் பண உதவியோடு மார்வின் கே தமது கனவுப் பாடல்களைப் பதிவு செய்தார்” என்று அச்சாகியிருக்கிறது.

நம் திரையுலகில் தயாரிப்பாளர் என்றால் பெட்டியைத் திறப்பவர். அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அமெரிக்க இசைத்தட்டு உலகில் அந்தச் சொல்லுக்கு உரியவர், ஸ்டுடியோவில் உட்கார்ந்து எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், பாடகரின் எந்தப் பதிவை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பவர் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. பணம் போட்டது மோட்டவுன் என்னும் இசைத்தட்டு நிறுவனம். லியான் வேர் போட்டது பாட்டு.

அதுவும் எப்படிப்பட்ட பாட்டு! பாடகி டயானா ராஸின் தம்பி ஆர்தர் ராஸோடு சேர்ந்து வேர் தங்களுக்கென்று உருவாக்கி வைத்திருந்த பாடல்களை மோட்டவுன் அதிபர் பெர்ரி கோர்டி கேட்டு, 1973க்குப் பிறகு தனி ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் தராதிருந்த மார்வின் கேயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். மார்வின் அவற்றில் மயங்கி, முழு ஆல்பத்தையும் வேரோடு சேர்ந்தே செய்ய ஒப்புக்கொண்டார். இது சோல் இசையைப் பற்றி ஓரளவு படித்தவர்கள் எல்லோரும் அறிந்த வரலாறு. அடுக்கடுக்காகத் தன் குரலையே தனக்குத் துணைக்குரலாக்கிக்கொண்ட மார்வின் கேயின் பங்கை நான் குறைக்கவில்லை. சில பாடல்களில் அவரும் இணை ஆசிரியர்தாம். ஆனால் அந்த இசைத்தட்டில் லியான் வேரின் பெயர் இல்லாத பாடல் ஒன்றுகூட இல்லை. “தமது கனவுப் பாடல்கள்” என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியபோது அந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். பார்த்தபின்னும் அப்படி எழுதினார் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

நானும் ஒரு காலத்தில் அதே தவற்றைச் செய்தவன்தான். 1983இல் பஹ்ரைனில் வேலையில் இருந்தபோது, அறை நண்பர் ஒருவர் பதிந்து தந்த கேசட்டில் பால்பாயின்ட் பேனாவால் ‘மார்வின்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஏழாண்டுகள் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு, எல்லாம் மார்வினுடையவை என்றே நம்பியிருந்தேன். பின்னர் ஒரு விடுமுறையில், பழைய இசைத்தட்டுக் கடையொன்றில் அசல் தட்டு கிடைத்தது. எர்னி பார்ன்ஸ் வரைந்த ‘சுகர் ஷாக்’ ஓவியம் முகப்பில். கண்ணை மூடிக்கொண்டு, நீண்ட கைகால்களை வீசி, ஒரு கூடம் நிறைய ஆடும் மனிதர்கள். அதில் சொக்கி நின்றுவிட்டுத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு பாடலுக்கும் கீழே பொடி எழுத்தில் அந்த ஒரே பெயர். கடைக்காரர் விளக்கை அணைக்கும்வரை விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். கேசட்டில் பெயர் இல்லாததால் ஏமாந்த எனக்காவது ஒரு சாக்கு உண்டு. நூலகமும் இணையமும் உதவியாசிரியர்களும் உள்ள ஓர் இதழுக்கு என்ன சாக்கு என்று கேட்பது மரியாதை ஆகாது என்பதால் கேட்கவில்லை.

அதே 1976இல், மார்வினுக்குக் கொடுத்ததுபோக மீதமிருந்த தம் பாடல்களைத் திரட்டி, ‘மியூசிக்கல் மசாஜ்’ என்னும் தனி ஆல்பத்தை லியான் வேர் மோட்டவுனின் ‘கோர்டி’ என்னும் துணை முத்திரையில் வெளியிட்டார். அதே பட்டுப்போன்ற தாளம், அதே நிதானம், ஆனால் குரல் அவருடையது. மார்வினின் தட்டு சோல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதற்கோ நிறுவனம் பெயருக்குக்கூட விளம்பரம் செய்யவில்லை. வந்த சுவடு தெரியாமல் போய், பல்லாண்டுகளுக்குப் பின் ரசிகர்கள் தேடித் தேடி வாங்கும் பொருளாக மாறியது. ‘லேர்னிங் ஹௌ டு லவ் யூ’ பாடலைக் கேட்ட எவரும் இவரைப் பணக்காரப் புரவலர் என்று எழுதத் துணியமாட்டார்கள். தம் பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளைக்கும் சோறு போட வழியில்லாமல் நின்றவருக்குத் தாங்கள் வள்ளல் பட்டம் சூட்டியிருக்கிறீர்கள்.

இது முதல்முறையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். 2009இல் மைக்கேல் ஜாக்சன் மறைந்தபோது தாங்கள் வெளியிட்ட சிறப்பிதழில், 1972இல் அவர் பாடிய ‘ஐ வான்னா பி வேர் யூ ஆர்’ பாடலை “பதின்மூன்று வயதுச் சிறுவனின் படைப்பு” என்று எழுதியிருந்தீர்கள். சிறுவன் பாடினான், எழுதியவர்கள் வேரும் ஆர்தர் ராஸும். அப்போதே கடிதம் எழுதினேன், பதில் இல்லை. பிறகொரு முறை, வேர் தம் பெயரையே தலைப்பாக வைத்து 1972இல் ஒன்றும் 1982இல் ஒன்றுமாக இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டிருப்பதை அறியாமல், முன்னதன் விமரிசனத்துக்குப் பின்னதன் படத்தைப் போட்டீர்கள். அதற்கும் எழுதினேன். 2017 பிப்ரவரியில் அவர் தமது 77ஆம் வயதில் காலமானபோது, தங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்திக்குக்கூட இடமில்லை. அந்த வாரம் ஒரு பாடகரின் நாய்க்குட்டிகளுக்கு அரைப்பக்கம் கிடைத்திருந்தது. நாய்க்குட்டிகள் மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

இடம் கொடுத்திருந்தால் எழுத விஷயமா இல்லை? டெட்ராய்ட்டில் பிறந்து, பதின்ம வயதில், பின்னாளில் பாடலாசிரியராகப் புகழ்பெற்ற லமான்ட் டோசியரோடு ‘ரோமியோஸ்’ குழுவில் பாடியவர், 1974இல் இசையமைப்பாளர் குயின்சி ஜோன்ஸின் ‘பாடி ஹீட்’ ஆல்பத்துக்கு எழுதியவர், மறு ஆண்டே பாடகி மின்னி ரிப்பர்ட்டனோடும் அவர் கணவரோடும் ‘இன்சைட் மை லவ்’ பாடலை ஆக்கியவர், 1981இன் ‘ராக்கின் யூ இட்டர்னலி’யில் பிரேசில் இசைஞர் மார்க்கோஸ் வாலேயோடு கைகோத்தவர், அறுபதை நெருங்கும் வயதில், 1996இல் மேக்ஸ்வெல் என்னும் இளம் பாடகரின் முதல் ஆல்பத்தில் ‘சம்திங் சம்திங்’ பாடலுக்குத் துணைநின்றவர். இருபது வயதுப் பையன்கள் அந்தப் பாடலைத் தங்கள் தலைமுறையின் பாட்டு என்று கொண்டாடியபோது அதில் ஒரு பாதி ஒரு தாத்தாவினுடையது என்பதை நினைத்து நான் தனியே சிரித்துக்கொண்டது உண்டு. 2008இல் ‘மூன் ரைட்’ என்று மீண்டும் ஒரு தனி ஆல்பம். இவ்வளவுக்கும் தங்கள் இதழில் அவருக்குக் கிடைத்தது “பண உதவி” என்னும் இரண்டு சொற்கள்.

நான் மறுப்புக் கட்டுரை கேட்கவில்லை. அடுத்த இதழில் பிழைதிருத்தப் பகுதியில் ஒரே வரி போதும்: ‘ஐ வான்ட் யூ’ ஆல்பத்தின் பாடல்களை எழுதி, இசையை வடிவமைத்து ஒலிப்பதிவை நடத்தியவர் லியான் வேர். இனி வரும் இசைக் கட்டுரைகளில், ‘தயாரிப்பாளர்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘ஒலிப்பதிவு இயக்குநர்’ என்றோ, தங்கள் ஆசிரியர் குழுவுக்கு உகந்த வேறு சொல்லோ பயன்படுத்துவதைப் பரிசீலிக்கவும்.

அசல் தட்டின் உறைப் பின்பக்கத்தை ஒளிநகல் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்து மிகச் சிறியது. ஆகவே அவர் பெயர் வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
22 ஆண்டுச் சந்தாதாரர்,
திருச்சிராப்பள்ளி