ஞாயிறு மீட்டிங் சிம்ஸ் பார்க்லதான், எல்லாரும் படிச்சிருங்க

வணக்கம் மக்களே, இந்த ஞாயிறு காலைல 10 மணிக்கு குன்னூர் சிம்ஸ் பார்க் கேட்கிட்ட கூடிருவோம். இந்த தடவ சோழமண்டலம் ஓவியர் கிராமத்த பத்தி பேசலாம்னு இருக்கேன். சென்னைல ஈசிஆர் ரோட்டுல ஈஞ்சம்பாக்கத்துல கடலோரமா இருக்கு, 1966ல கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பிச்சது, அப்ப அவரு மெட்ராஸ் ஓவியக் கல்லூரி பிரின்சிபால். படம் வரையிறத மட்டும் நம்புனா சோறு கிடைக்காதுன்னு அங்க சேந்த ஓவியர்களுக்கு நல்லா தெரியும், அதனால பாத்திக் துணி (மெழுகு தடவி சாயம் போடுறது), கைவினைப் பொருள்னு செஞ்சு வித்து அந்த காசுலயே நிலம் வாங்கி, அந்த மணல்லயே வீடு கட்டி குடியிருந்து வரஞ்சாங்க. எனக்கு இதுதான் ரொம்ப பெரிய விஷயமா படுது, யாரும் வந்து தூக்கி விடுவாங்கன்னு உக்காந்திருக்கல. அங்க இருந்த எஸ்.ஜி. வாசுதேவ் மரத்தையே கருவா வச்சு விருட்சம்னு ஒரு வரிசையே வரஞ்சாரு, நந்தகோபால் உலோகத்துல சிற்பம் பண்ணாரு, அவரு பணிக்கரோட மகன். இவங்க படைப்புகள பிரிண்ட் எடுத்துட்டு வர்றேன், போன்ல பாத்தா கோடு சரியா தெரியாது.

நம்ம நீலகிரிலயும் குறும்பர் பழங்குடி மக்களோட ஓவியம் இருக்கு, வேங்கை மரப் பிசின், இலைச்சாறுன்னு காட்டுல கிடைக்கிறதுலயே கலர் எடுக்குறாங்க, கோத்தகிரி அக்காங்க அத பத்தி சொன்னா ரொம்ப சந்தோஷம்.

பேசி முடிச்சதும் ஆளுக்கு ஒரு மரம் பாத்து வரையணும். நோட்டு, பென்சில், ஸ்வெட்டர் மறக்காதீங்க, மழை வந்தா காலைல 8 மணிக்குள்ள இங்கயே மெசேஜ் போடுறேன்.