தண்டனையை வாசித்த இடத்திலேயே மன்னிப்பையும் வாசியுங்கள்

ஏற்காட்டு மலையிலுள்ள எங்கள் சபையின் ஆயர் ஐயா அவர்களுக்கும், சேகரக் குழுவின் மூப்பர்களுக்கும், கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம்.

என் தம்பி 2019-இல் செய்த காரியம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாலிபர் சங்கப் பொருளாளராக இருந்தபோது, தன் பொறுப்பில் இருந்த 14,000 ரூபாயை எடுத்துக் குடித்துத் தீர்த்தான். அது திருட்டு, அதை வேறு பெயரால் அழைக்க நான் இந்த மடலை எழுதவில்லை. குழுவின் முன் நின்று அவனே ஒப்புக்கொண்டான். ஓராண்டுக்கு, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தீர்கள். அந்தத் தீர்மானம் ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. குடியை விட்டான். அடுத்து வந்த இரண்டு காப்பி சீசனிலும் பழம் பறித்தும், சில்வர் ஓக் மரங்களில் ஏணி சார்த்தி மிளகு பறித்தும் கிடைத்த கூலியிலிருந்து முழுப் பணத்தையும் கட்டி முடித்தான். சபை கொடுத்த ரசீது எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. ஆனால், விலக்கு நீங்கியது என்ற ஒரு வரியை இன்றுவரை எவரும் வாசிக்கவில்லை.

கடந்த அறுப்பின் பண்டிகையன்று நடந்ததை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஐம்பது ரூபாய்த் தாளை நான்காக மடித்து வலது கையில் வைத்துக்கொண்டு தம்பி காத்திருந்தான். பை அவன் வரிசைக்கு வந்தது. அவனுக்கு இந்தப் பக்கம் இருந்தவர் காணிக்கை போட்டதும், பையைக் கொண்டுவந்தவர் அதைச் சட்டென்று தூக்கி, அவன் முழங்காலுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தப் பக்கம் இருந்தவரிடம் கொடுத்தார். தம்பியின் கை பாதி எழுந்து மறுபடி மடியில் இறங்கியது. ஆசீர்வாதம் கூறி முடியும்வரை அந்தத் தாள் அவன் கைக்குள்தான் இருந்தது. வெளியே வந்தபின் அதை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் போட்டுக்கலாம்க்கா" என்றான். அவனுடைய எட்டு வயது மகள் பக்கத்திலேயே நின்றாள்.

பையைத் தூக்கியவரை நான் குற்றம் சொல்லவில்லை. விலக்கி வைத்ததைக் காதால் கேட்டவர் அவர்; சேர்த்துக்கொண்டதைக் கேட்டதில்லை. ஆகையால்தான் கேட்கிறேன், தண்டனையை வாசித்த இடத்திலேயே மன்னிப்பையும் வாசியுங்கள்.

ஆயர் ஐயா, தாங்கள் மாற்றலாகி இங்கு வந்த முதல் ஞாயிறன்று ஒவ்வொருவராக வந்து தங்களிடம் அறிமுகம் செய்துகொண்டது தங்களுக்கு நினைவிருக்கும். தம்பி தன் பெயரைச் சொல்லவில்லை. "நான்தாங்கய்யா சங்கத்துப் பணத்தை எடுத்தவன்" என்றான். தனக்கு வேறு பெயர் இருப்பதையே அவன் மறந்துவிட்டானோ என்று எனக்கு அன்று நடுக்கம் வந்தது. லூக்கா 15-ஆம் அதிகாரத்தில், தகப்பன் பிரித்துக் கொடுத்த ஆஸ்தியை அழித்துப்போட்ட இளைய குமாரன், தன்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்கத் தீர்மானித்துத்தான் வீட்டுக்கு நடந்தான். தகப்பனோ அந்த வார்த்தை வாயிலிருந்து வருவதற்கு முன்பே வஸ்திரத்தையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அந்த மகன் தனக்கென்று யோசித்து வைத்திருந்த பெயரைத் தகப்பன் காதில் வாங்கவேயில்லை. என் தம்பியோ ஏறக்குறைய அதே வார்த்தையைச் சபையின் வாசலில் நின்று சொல்கிறான், நாம் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒழுங்கு நடவடிக்கையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொரிந்து சபையும் ஒருவனைத் தண்டித்தது. ஆனால் "அப்படிப்பட்டவனுக்கு அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்" என்று பவுல் அந்தச் சபைக்கு எழுதினார். அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யும்படி அவர் கேட்டது தனி ஒருவரிடம் அல்ல, சபை முழுவதிடமும். அதே நிருபத்தில்தான், கிறிஸ்துவுக்குள் இருக்கிறவன் புதுச்சிருஷ்டி என்ற வசனமும் வருகிறது. ஞாயிறுதோறும் பாவ அறிக்கையைச் சேர்ந்து சொல்கிறோம், மன்னிப்பின் வார்த்தைகளைச் சேர்ந்து கேட்கிறோம். அதே மன்னிப்பை அவன் தலைமேல், அவன் பெயரைச் சொல்லிக் கூற நமக்கு இத்தனை ஆண்டுகள் ஏன் போதவில்லை?

இது என் தம்பி ஒருவனோடு நிற்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். மணவாழ்வு முறிந்தவர்கள், குடியிலிருந்து மீண்டவர்கள் என்று நம் சபையார் சிலர், விடியற்காலைப் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் தங்களை எவருக்கும் தெரியாத ஓர் ஆலயத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். தெரிந்தவர்கள் நடுவில் கிடைக்காத கிருபையைத் தெரியாதவர்களிடம் தேடிப் போகும் அவர்களைப் பற்றி, எந்தக் குழுக் கூட்டத்திலாவது ஒரு நிமிடமாவது பேசியிருக்கிறோமா?

கோபத்தில் ஏதேனும் மிகுதியாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இரண்டு வரிதான்: அவனுடைய ஒழுங்கு நடவடிக்கைக் காலம் முடிந்தது என்றும், அவன் இச்சபையின் முழு அங்கத்தினன் என்றும், அன்று வாசித்த அதே பீடத்திலிருந்து, அவன் பெயரைச் சொல்லி, வருகிற திருவிருந்து ஞாயிறன்று வாசியுங்கள். எந்த ஞாயிறு என்பதைத் தயவுசெய்து முன்கூட்டியே தெரிவியுங்கள். 2019-இல் அந்தத் தீர்மானம் வாசிக்கப்பட்டபோது எங்கள் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதன்பின் நம் ஆலயத்துக்கு வரவில்லை. இப்போது சேலத்தில் என் தங்கை வீட்டில் இருக்கிறார். சனிக்கிழமையே போய் அவரை அழைத்து வர வேண்டும்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபையின் அங்கத்தினள் ஒருத்தி