ஜார் தயங்கிய அந்த இரவையும் நடத்துங்கள்

மேல்நிலை வகுப்புகளின் வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போர்ப் பாடத்தில் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டதிலிருந்து நேரே போர் அறிவிப்புக்குத் தாவிவிடுகிறோம். நடுவில் ரஷ்யாவின் ஜார் (பேரரசர்) இரண்டாம் நிக்கோலஸ் படைதிரட்ட ஆணையிட்டு, நிறுத்தி, மறுபடி ஆணையிட்ட இரண்டு நாட்கள் விடுபடுகின்றன. அவரை ‘உறுதியில்லாதவர்’ என்று ஒரே சொல்லில் முடிப்பது நியாயமில்லை.

1914 ஜூலை 29 இரவு. ஜார் ஒப்பமிட்ட பொதுப் படைதிரட்டல் ஆணையில் (நாடு முழுவதும் ரிசர்வ் வீரர்களைப் படைக்கு அழைப்பது) போர், கடற்படை, உள்துறை அமைச்சர்களின் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. படைதிரட்டல் பிரிவின் தலைவர் ஜெனரல் டோப்ரொரோல்ஸ்கி அதோடு பீட்டர்ஸ்பர்க் மையத் தந்தி நிலையத்தில் இருக்கிறார். எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்காகப் படிகள் தட்டச்சாகின்றன. சுமார் 9.30 மணிக்குத் தொலைபேசி வருகிறது: நிறுத்துங்கள். ஜெர்மனியின் பேரரசர் கைசர் வில்ஹெல்மின் தந்தியைப் படித்த ஜார், ஆஸ்திரியாவுக்கு எதிரான பகுதித் திரட்டல் போதும் என்றுவிட்டார். அதே மாலைதான் ஆஸ்திரிய - செர்பியச் சிக்கலை நாடுகளின் தகராறுகளைப் பேசித் தீர்ப்பதற்கான ஹேக் மாநாட்டிடம் விடலாம் என்று கைசருக்கு அவர் எழுதியிருந்தார்.

இந்த இடத்தில் சற்று நின்று நடத்துங்கள். பகுதித் திரட்டல் என்றால் கீவ், ஒடெசா, மாஸ்கோ, கசான் ஆகிய 4 ராணுவ மாவட்டங்கள். ஜெர்மனியைச் சீண்டக் கூடாதென்று அதன் எல்லையை ஒட்டிய வார்சா மாவட்டத்தைச் சேர்க்காமல் விட்டார்கள். ஆனால் அந்த மாவட்டம் ஆஸ்திரியாவையும் ஒட்டியது! ரிசர்வ் வீரர் ஒரு மாவட்டத்தில் இருப்பார், அவர் சேர வேண்டிய ரெஜிமென்ட் இன்னொன்றில் இருக்கும். ரயில் அட்டவணையோ முழுத் திரட்டலுக்குப் போட்டது. பாதியில் தொடங்கிவிட்டு முழுமைக்கு மாறினால் ஆட்களும் பெட்டிகளும் தவறான நிலையங்களில் மாட்டிக்கொள்ளும். தளபதிகள் பதறியது இதனால்தான். ஆயிரமாயிரம் பேரைச் சாவுக்கு அனுப்பத் தயங்கிய மன்னருக்கு, தயக்கத்தைச் செயலாக்கும் திட்டம் ஒன்றுகூடக் கைவசம் இல்லை. நாட்டை ஆண்டவர் என்ற முறையில் அந்தக் குறைக்கு அவரும் பொறுப்பு, அதையும் சொல்லுங்கள்.

ஜூலை 30 பிற்பகல், பீட்டர்ஹோஃப் அரண்மனையில் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் ஜாரிடம் சுமார் ஒரு மணி நேரம் வாதாடினார். போர் தவிர்க்க முடியாதென்றால் படையை ஆயத்தமின்றி விடுவது நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்ற நினைப்பு கடைசியில் வென்றது. ஜார் இசைந்ததும் சசோனோவ் படைத்தலைமை அதிகாரி யனுஷ்கேவிச்சைத் தொலைபேசியில் அழைத்து, இனி உங்கள் தொலைபேசியை உடைத்துவிடலாம் என்றார். இன்னொரு மனமாற்றம் வந்துவிடுமோ என்ற பயம். ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி போர் அறிவித்தது.

கரும்பலகையில் புதிய, பழைய நாட்காட்டிகளின் இரு தேதிகளையும் எழுதுங்கள். ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது. அங்குள்ள ஆவணங்களில் ஜூலை 29 இரவு, ஜூலை 16 என்றிருக்கும். மாணவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.