நாடகத்துக்கு முன்பே எழுந்த அவுரி விவசாயிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'நீல் தர்ப்பண்' நாடகம்தான் வங்காளத்தில் நீலச் சாயத்துக்கான அவுரிச் செடியைப் பயிரிட்ட விவசாயிகளைக் கிளர்ந்தெழ வைத்தது என்று பலரும் எழுதிவருகிறார்கள். தயவுசெய்து ஆண்டுகளைப் பாருங்கள். நதியா மாவட்டக் குடியானவர்கள் அவுரி விதைக்க மறுத்தது 1859-இல். தீனபந்து மித்ரா தன் பெயர் போடாமல் டாக்காவில் நாடகத்தை வெளியிட்டது 1860-இல்.

கோபத்தின் வேர் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. பிகாவுக்கு (ஒரு நில அளவு) 2 ரூபாய் முன்பணம் தருவார்கள் ஐரோப்பிய அவுரி முதலாளிகள். அதைக் கை நீட்டி வாங்கியவர், நெல் விளையும் நல்ல நிலத்தில் அவுரி போட்டாக வேண்டும். அறுத்த செடியைச் சங்கிலியால் சுற்றிக் கட்டு அளப்பார்கள். அளப்பவர் இறுக்க இறுக்க, ஒரே கட்டுக்குள் இன்னும் செடி போகும்; கட்டுகளின் எண்ணிக்கை குறையும், அதற்கேற்ப விலையும் குறையும். விதை, வண்டிக்கூலி, முத்திரைத்தாள் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது கடன்தான். தகப்பன் போனால் அது மகன் தலையில்.

தபால் துறை வேலையாக ஊர் ஊராகச் சுற்றிய மித்ரா இதை மேடைக்குக் கொண்டுவந்தார். கிராமத்தின் குறையைக் கல்கத்தாவின் பேச்சாக்கியதில் நாடகத்துக்கும் பங்குண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861-இல் ஒரு மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தைக் கட்டியவர் வங்க எழுத்தாளர் காளிபிரசன்ன சிங்கா. 1872-இல் கல்கத்தா நேஷனல் தியேட்டர் இந்த நாடகத்தோடு தொடங்கியது. நான்கே ஆண்டில், 1876-இல், மேடையை அடக்க ஆங்கில அரசு தனிச் சட்டமே போட்டது. அது பிற்பாடு சென்னை மாகாணத்து நாடகங்கள் மீதும் பாய்ந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்