கோடம்பாக்கத்து ஒலிப்பொறியாளர் ஐயாவுக்கு நன்றி

நானே எழுதிப் பாடிய முதல் தனிப்பாடல் வெளியாகியிருக்கும் இந்த வாரத்தில், பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளத் தவறிய ஒருவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு மாணவியாக இருந்தபோது, அந்தப் பாடலைப் பதிவுசெய்வதற்காகக் கோடம்பாக்கத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். கச்சேரிப் பழக்கத்தில் குரலை ஓங்கிப் பாடிய என்னை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடச் சொன்னார் அங்கிருந்த ஒலிப்பொறியாளர். அதைவிடப் பெரிய உதவி, ஒரு நிறுவனம் தந்திருந்த ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்திடப் போன என்னைத் தடுத்தது. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றின் உரிமைகளும் தனித்தனியானவை என்பதையும், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே ஏற்பதில்லை என்பதையும், தேநீர் ஆறிப்போகும்வரை பொறுமையாக விளக்கினார். (அந்தத் தேநீருக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.) மறுமுறை நான் தேடிச் சென்றபோது கூடம் மூடப்பட்டிருந்தது. ஐயா, அந்தத் தாளில் நான் கையெழுத்திடவில்லை. வரிகளும் மெட்டும் இன்றும் என் பெயரிலேயே இருக்கின்றன.