பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு ஒரு பென்டிரைவ்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்தக் கடிதம் வருகிறது. அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் அண்ணன், அக்கா காலத்தோடு பரணுக்குப் போய்விட்டது. ஆன் செய்தால் திரை வர பத்து நிமிடம் ஆகிறது, பிரௌசர் திறந்தால் நின்றுவிடுகிறது என்பதுதான் காரணம். தயவுசெய்து அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிளஸ் ஒன் பாடத்தில் வரும் சி++, பிளஸ் டூ பாடத்தில் வரும் பைத்தான் இரண்டையும் பழகிப் பார்க்க அந்தக் கருவியே போதும். பாடப்புத்தகத்தில் நிரலைப் படிப்பது வேறு, தன் கையால் தட்டி, பிழை வந்து, தானே திருத்துவது வேறு. பள்ளி ஆய்வகத்தில் வாரத்துக்குச் சில பாடவேளைதான் கிடைக்கிறது.

கருவி கெட்டுப்போகவில்லை. அதிலுள்ள விண்டோஸின் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு 14.1.2020-இல் நின்றது. விண்டோஸ் 10-க்கு 14.10.2025-இல் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடக் குறைந்தது 4 ஜிபி ராமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பழைய மடிக்கணினிகளில் இது இருக்காது. சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆக்டிவேட்டர் எனப்படும் திருட்டு நிரலைச் சேர்த்தே போடுகிறார்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இதை ஓட்டு என்று ஒரு நிரல் கேட்டால், அது வீட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வதற்குச் சமம். அந்த வழி வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை) போடலாம். அதன் 22 வரிசையில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு இலவசம். 2029 வரை புதுப்பிப்பு வரும். குறைந்தது 2 ஜிபி ராம், 20 ஜிபி வட்டு இடம் இருந்தால் ஓடும். 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். 2 ஜிபி உள்ளவர்கள் பிரௌசரில் இரண்டு மூன்று டேப்புக்கு மேல் திறக்காமல் இருக்கப் பழக வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். புதிய இயங்குதளம் போடும்போது "எரேஸ் டிஸ்க்" என்ற தேர்வைக் கொடுத்தால் சி டிரைவ் மட்டுமல்ல, டி டிரைவும் அழியும். "போட்டோ எல்லாம் டி-யில்தான் இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று பலர் நம்புகிறார்கள். விண்டோஸை மட்டும் மறுபடி போட்ட காலத்தில் அது சரி. இங்கே முழு வட்டும் துடைக்கப்படும். கல்யாணப் படங்கள், மதிப்பெண் சான்றிதழ், ஆதார் ஸ்கேன் எல்லாவற்றையும் வேறு ஒரு பென்டிரைவிலோ எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கிலோ எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு, பிறகுதான் கை வைக்க வேண்டும். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்ற மூன்று இடங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். அதே மடிக்கணினியில் கடைக் கணக்கை டாலியில் எழுதி வருபவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். அந்த மென்பொருள் விண்டோஸுக்கானது.

மின்டை நிறுவப் பயன்படும் பென்டிரைவ் 8 ஜிபி போதும், ஏனென்றால் மின்ட் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபிதான். மிகக் குறைந்த விலைக்கு 1 டிபி, 2 டிபி என்று அச்சிட்டு விற்பவற்றை வாங்காதீர்கள்; உள்ளே இருக்கும் இடம் சொற்பம், எழுதும்போது பாதியில் தரவு சிதைந்துவிடும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதும் அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்ட் தளத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு) இழுத்துப் பென்டிரைவில் போட்டால் கணினி அதிலிருந்து பூட் ஆகாது, அதாவது தொடங்காது. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். கோப்பை நகலெடுப்பதும், பூட் ஆகும்படி எழுதுவதும் வெவ்வேறு வேலை. எழுதுவதற்கு ரூஃபஸ் என்ற சிறு நிரல் உண்டு. புதிய ரூஃபஸ் விண்டோஸ் 7-இல் ஓடாது. அந்தக் கணினியிலேயே தயாரிப்பதானால் 3.22 பதிப்பை எடுக்க வேண்டும். ரூஃபஸில் பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் ஸ்கீம் என்பதில் எம்பிஆர் வைத்து, ஸ்டார்ட் கொடுங்கள். ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ மோட். அது பூட் ஆகவில்லை என்றால் டிடி மோடில் மறுபடி எழுதுங்கள். டிடி மோடுக்குப் பிறகு பென்டிரைவை விண்டோஸ் அடையாளம் காணாமல் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கலாம். பென்டிரைவ் கெடவில்லை, வேலை முடிந்தபின் ரூஃபஸிலேயே ஃபார்மட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எழுதுமுன் இன்னொரு நிமிடம் செலவிடுங்கள். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்ததும் அதன் அருகில் உள்ள டிக் குறியை அழுத்தினால் ஷா256 என்ற நீண்ட எண் வரும். மின்ட் தளத்தில் கொடுத்துள்ள எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது நடுவில் அறுந்த கோப்பு பார்வைக்கு முழுதாகவே இருக்கும்; நிறுவுதல் பாதியில் நிற்கும்போதுதான் குறை தெரியும்.

இனி பழைய மடிக்கணினி. சார்ஜரை மாட்டிவிட்டே தொடங்குங்கள், பேட்டரியை நம்பாதீர்கள். பேட்டரி செத்துப்போன கருவி என்றால், உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளைத் தவிருங்கள். பென்டிரைவைக் கறுப்பு நிற யுஎஸ்பி துளையில் செருகுங்கள். சில பழைய பயாஸ்களுக்கு (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் உள் நிரல்) நீல நிற 3.0 துளை பூட் நேரத்தில் தெரியாது. பவர் பொத்தானை அழுத்தியதும் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையை விட்டு விட்டுப் பலமுறை அழுத்த வேண்டும். லெனோவோ, டெல், ஏசர் கருவிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஃப்9 அல்லது எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால் முதலில் எஃப்2 அழுத்தி உள்ளே போய் "எஃப்12 பூட் மெனு" என்பதை எனேபிள் ஆக்க வேண்டும். லெனோவோ சில மாடல்களில் பக்கவாட்டில் ஊசித்துளை போன்ற நோவோ பொத்தான் இருக்கும். அணைந்த நிலையில் அதைக் குத்தினால் மெனு வரும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுத்தால் பயாஸில் அதை அணைக்கலாம். ஏசரில் அதற்கு ஒரு சூப்பர்வைசர் கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அதைக் கட்டாயம் தாளில் எழுதி வையுங்கள். மறந்தால் மறுபடி பயாஸுக்குள் நுழைய முடியாது.

பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, மின்ட் மெனு வந்ததும் நிறுவாமல் "ஸ்டார்ட்" கொடுத்தால் பென்டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பும் திறக்கும். கறுப்புத் திரையில் நின்றால் மறுபடி தொடங்கி "காம்பாட்டிபிலிட்டி மோட்" தேர்ந்தெடுங்கள்; பெரும்பாலும் கிராஃபிக்ஸ் பகுதியின் சிக்கல் அது. இந்த நிலையில் வட்டு இன்னும் தொடப்படவில்லை. வைஃபை, ஒலி, கேமரா, விசைப்பலகை எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். விண்டோஸே திறக்காத கணினியில் சிக்கிய படங்களையும் இங்கிருந்தே வேறு பென்டிரைவுக்கு எடுக்கலாம். பிராட்காம் வைஃபை சில சமயம் முதலில் வராது. கைபேசியை யுஎஸ்பி கம்பியில் மாட்டி டெதரிங் கொடுத்து, டிரைவர் மேனேஜரில் அதற்கான டிரைவரைப் போட்டால் சரியாகும். டிஸ்க்ஸ் என்ற நிரலில் ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் நிலையையும் (வட்டின் நலம் பற்றிய அறிக்கை) பாருங்கள். "பேட் செக்டர்" என்று எச்சரித்தாலோ, டிக் டிக் என்று ஒலி வந்தாலோ, அந்த வட்டில் எதைப் போட்டும் பயனில்லை. அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி எனப்படும் வேகமான வட்டை மாற்றலாம்; 2.5 அங்குல சாட்டா வகை, 120 அல்லது 240 ஜிபி, போதுமானது. உண்மையில் பழைய கருவிக்கு ஒரே ஒரு செலவு செய்ய முடியும் என்றால் ராமைவிட எஸ்எஸ்டிக்கே செய்யச் சொல்வேன். வேகத்தில் உடனே வித்தியாசம் தெரியும்.

திருப்தி என்றால் டெஸ்க்டாப்பில் உள்ள "இன்ஸ்டால்" குறியைத் திறங்கள். பாட்டு, வீடியோ ஓட உதவும் மல்டிமீடியா கோடெக்ஸ் பெட்டியில் டிக் செய்யுங்கள். வட்டைக் குறியாக்கம் செய்யும் தேர்வில் டிக் வேண்டாம். பிள்ளை கடவுச்சொல்லை மறந்தால் கோப்புகள் எதுவும் திரும்பக் கிடைக்காது. எந்த வட்டு என்று கேட்கும்போது அளவைப் பாருங்கள்: 320 அல்லது 500 ஜிபி என்று காட்டுவது மடிக்கணினி வட்டு, 8 ஜிபி என்று காட்டுவது பென்டிரைவ். நேர மண்டலம் கொல்கத்தா. முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லும். எடுக்காமல் விட்டால் மறுபடி நிறுவும் திரையே வரும், பயந்துவிட வேண்டாம்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய ஆண்டுக்குப் போனால் இணையத் தளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டும். கணினி அணைந்திருக்கும்போதும் தேதியைக் காக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அது 3 வோல்ட் சிஆர்2032. சில மடிக்கணினிகளில் கம்பியோடு வரும் வகை இருக்கும்.

முதல் புதுப்பிப்பு நூற்றுக்கணக்கான எம்பி இழுக்கும். கைபேசியின் தினசரி டேட்டாவை நம்பி நடுவில் விடாதீர்கள். பைத்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கும். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐடில் (பைத்தான் எழுத), ஜி++ (சி++ நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்ற), ஜீனி (நிரல் தட்டச்சு செய்ய) என்று தேடிப் போட்டுக்கொண்டால் இரண்டு வகுப்புப் பாடத்துக்கும் போதும். தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கலாம்.

வீட்டில் கைபேசி மட்டும் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். எழுதி, சரிபார்த்த பென்டிரைவ்கள் நம் ஹைடெக் ஆய்வகத்தில் தயாராக உள்ளன. வரும் சனிக்கிழமை காலை 9.30 மணிக்கு மடிக்கணினி, சார்ஜர் இரண்டையும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில், "படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் எடுத்துவிட்டேன், வட்டை அழிக்கலாம்" என்ற வரிக்குக் கீழ் பெற்றோர் கையொப்பம் இருந்தால் மட்டுமே நிறுவுவோம். கையொப்பம் இல்லாமல் வரும் கருவியில் பென்டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டி, அப்படியே திருப்பி அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்